சாட்சிக் கூட்டத்தில் நான் எடுத்த பாட்டு

அப்பாவின் கால் நாறியது. இதை நாசூக்காகச் சொல்ல எனக்குத் தெரியாது. சர்க்கரை வியாதியில் கட்டைவிரலில் தொடங்கிய புண் கணுக்கால்வரை ஏறிவிட்டது. இனி வெட்டியும் பயனில்லை என்று சொல்லி, தலைநகர் ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வவாவு தீவுக்கே கப்பலேற்றி அனுப்பிவிட்டார்கள். கடல் தாண்டி சுவாவில் படித்து எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் வாங்கியவள் நான். ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு அவரோடு வந்தேன். கட்டு மாற்றுவது அம்மா. நான் மாத்திரை எடுத்துக் கொடுப்பேன், டாக்டரிடம் போனில் சண்டை போடுவேன். படித்தவள் செய்கிற வேலை.

போன வாரம் சாட்சிக் கூட்டம் வந்தது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சபையில் மோசேசே மாமா ஒவ்வொருவராகப் பேர் சொல்லிக் கூப்பிடுவார். எழுந்து, தனக்கும் கர்த்தருக்கும் நடுவில் எப்படிப் போகிறது என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: கர்த்தர் என்னைக் கைவிடவில்லை. எனக்குக் கேட்டாலே எரிச்சல் வரும். அப்பா அப்படியில்லை. உபதேசியார். சாகக் கிடக்கிறவர்கள் வீட்டுக்கெல்லாம் போய், "பயப்படாதீங்க, கடைசிவரைக்கும் விடாம பிடிச்சுக்கோங்க" என்று சொல்லிவிட்டு வருகிறவர்.

"என்னையும் கொண்டுபோங்க" என்றார்.

"வீட்லயே ஜெபம் பண்ணுங்கப்பா. கர்த்தருக்கு நம்ம வீட்டு வழி தெரியாதா?"

"அவருக்குத் தெரியும். மோசேசே என் பேரைக் கூப்பிடறப்ப நான் அங்க இருக்கணும்."

"அத்தை வந்திருப்பாங்க."

அத்தை அப்பாவுக்கு அக்கா. எங்கள் தீவில் வயசுக்கு வந்த பிறகு அக்காவும் தம்பியும் ஒரு கூரைக்குக் கீழே உறங்க மாட்டார்கள். உடம்புச் சமாச்சாரத்தை ஒருவர் முன்னால் ஒருவர் பேசக்கூடாது. அவர் படுத்ததிலிருந்து லுசேயானி அத்தை எங்கள் வீட்டுக்குள் வந்ததே இல்லை. தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கீரைப் பொட்டலத்தை வாசலில் நின்று அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அந்த அக்கா முன்னால் இந்தக் காலோடு.

"அவங்க அந்தப் பக்கம் உக்காரட்டும். நான் ஜன்னலோரமா இருந்துக்கறேன்" என்றார் அப்பா. பிறகு என்னைப் பார்த்தார். "உனக்கு வெக்கமா இருக்கா, செய்னி?"

"எனக்கென்ன வெக்கம்?" என்றேன். பொய். அம்மா புதுக்கட்டுப் போட்டு, கோவிலுக்கு மரியாதையாகக் கட்டுகிற பாயை அவர் இடுப்பில் சுற்றிக் கட்டினாள். நான் என் சென்ட்டை எடுத்துக் கட்டின்மேல் பாதி பாட்டில் அடித்தேன்.

"கல்யாண மாப்பிள்ளை மாதிரி மணக்கறேன்" என்றார் அப்பா.

சபைக் கூடத்தில் சென்ட்டும் புண்ணும் சேர்ந்து இன்னும் மோசமாக நாறின. யாரும் ஒன்றும் சொல்லவில்லை, விசிறிகள் மட்டும் வேகமாக ஆடின. எனக்கு முன்னால் இருந்த ஒருத்தி குழந்தையைத் தூக்கிக்கொண்டு நாலு பாய் தள்ளிப் போய் உட்கார்ந்தாள். அவள் முதுகையே முறைத்தேன். அவள் செய்ததைத்தானே நான் வீட்டில் தினமும் செய்கிறேன் என்று உள்ளே ஒன்று சொன்னது. அதையும் முறைத்தேன்.

பேர் கூப்பிடுகிற மோசேசே மாமா பெரிய வாயாடி. "இசிலேலி! ஒரு காலை முன்னாடியே பரலோகத்துல வெச்சுட்டியாமே? எங்களுக்கும் இடம் பிடிச்சு வையி!"

கூடமே சிரித்தது. அப்பாதான் அதிகமாகச் சிரித்தார். எனக்கு அந்த ஆளை அறையலாம் போலிருந்தது.

அப்பா உட்கார்ந்தபடியே பேசினார். "போன தடவை இங்க நின்னு, கர்த்தர் என் பக்கத்துலயே இருக்காருன்னு சொன்னேன். இப்ப எனக்குத் தெரியல. கூப்பிடறேன், பதில் வரல. உங்க வீட்ல எல்லாம் வந்து பயப்படாதீங்கன்னு சொன்னவன் நான்தான். எனக்குப் பயமா இருக்கு. எவ்வளவு பயம்னா..."

விசிறிகள் நின்றன. எல்லோரும் குனிந்து தரைப்பாயைப் பார்த்தார்கள். உபதேசியார் இப்படிப் பேசுகிறார்!

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி சொல்கிறவர் தொண்டை அடைத்து நின்றுபோனால், யாராவது ஒருவர் பாட்டை எடுப்பார். சபை முழுக்கச் சேர்ந்துகொள்ளும். விழப்போகிறவரைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரி. அவர் அழுது ஓய்ந்து உட்காரலாம்.

அப்பாவுக்குத் தொண்டை அடைக்கவில்லை. அவர் பேசிக்கொண்டுதான் இருந்தார். பாட்டை நான் எடுத்தேன்.

சுவாவுக்குப் போனதிலிருந்து கோவிலில் வாயே திறக்காதவள், அன்று உச்சத்தில் எடுத்தேன். அவர் வாயை மூட வேண்டும், அவ்வளவுதான். ஆண்கள் கீழ்க்குரலில் சேர்ந்தார்கள், பெண்கள் மேலே ஏறினார்கள், கூரை அதிர்ந்தது. பாட்டுக்குள் அப்பாவின் உதடு கொஞ்ச நேரம் அசைந்தது. பிறகு நின்றுவிட்டது. தலையைக் குனிந்துகொண்டார்.

"நிறுத்துங்க."

அந்தப் பக்கத்திலிருந்து அத்தை. சத்தம்கூடப் போடவில்லை. பாட்டு ஒவ்வொரு வரிசையாக அணைந்தது. அத்தை தம்பியைப் பார்க்காமல், எதிர்ச் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "எந்தம்பி இன்னும் முடிக்கல. பாட்டு எடுத்தது யாரு?"

"நாந்தான் அத்தை."

"அவன் விழுந்துடுவான்னு எடுத்தியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். "இல்ல அத்தை" என்றேன். காது சுட்டது. பட்டத்தோடு ஊர் திரும்பியபோது இதே கூடத்தில் எழுந்து நின்று கைதட்டிய அத்தனை பேரும் அங்கே இருந்தார்கள்.

"உக்காரு. அவன் பேசட்டும்."

அப்பா தொண்டையைச் செருமினார். "பெருசா ஒண்ணும் மிச்சமில்ல. பதில் வரலைன்னாலும் கூப்பிடறத நான் விடல. அதச் சொல்லத்தான் வந்தேன். இதுக்கு விசுவாசம்னு பேர் வெக்கலாமான்னு எனக்குத் தெரியல. எங்கிட்ட இவ்வளவுதான் இருக்கு."

மோசேசே மாமா அடுத்த பேரைக் கூப்பிட மறந்துவிட்டார். இத்தனைக்கும் அடுத்தது அவர் பேர்தான். எழுந்தவர் வழக்கமான வார்த்தைகளைத் தொடங்கி, நடுவில் விட்டுவிட்டு, "மனைவி போனதிலேர்ந்து எனக்கும் அப்படித்தான்" என்று உட்கார்ந்தார். அன்றைக்கு யாரும் பாட்டு எடுக்கவில்லை.

வண்டியில் திரும்பும்போது நான் வாயைத் திறக்குமுன் அப்பாவே சொன்னார்: "நல்ல குரல் உனக்கு. ரொம்ப மேல எடுத்துட்ட."

அவர் திட்டியிருக்கலாம்.

மறுநாள் விடியற்காலை ஜன்னலுக்கு வெளியே பாய் விரிக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அத்தை. உள்ளே வர முடியாது, அதனால் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் அதே சுவரோடு அப்பாவின் கட்டில்.

"கர்த்தாவே" என்று ஆரம்பித்தார், பக்கத்து வீட்டுக்காரரோடு பேசுகிற குரலில். "எந்தம்பி கூப்பிடறான். செவிட்டுக் கிழவி எனக்கே கேக்குது. உமக்குக் கேக்கலையா?"

அப்பா முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. வெகுநேரம் கழித்து, "ஆமென்" என்றார்.

நான் அந்த ஆமெனில் சேரவில்லை. அம்மா இன்னும் எழுந்திருக்கவில்லை. வெந்நீர் வைத்துக் கொண்டுவந்து, கட்டிலோரம் மண்டிபோட்டு, கட்டை நானே பிரிக்கத் தொடங்கினேன். மூக்கைப் பொத்தவில்லை என்று எழுத ஆசைதான். பொத்தினேன். அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் கட்டு அவிழாது என்றார். மூக்கிலிருந்து கையை எடுத்தேன்.