பூ ஒடித்த பிளாக்

அந்தச் சனிக்கிழமை பகல் ஒரு மணிக்குள் கிளென்னுக்கு முன்பணமாக ஆயிரம் வெள்ளி வேண்டும். தம்பின் பட்டணத்துக் கடையில் நின்ற கறுப்பு மோட்டார் சைக்கிளை அதுவரைதான் அவனுக்காகப் பிடித்து வைப்பதாகக் கடைக்காரர் சொல்லியிருந்தார்.

கிளென்னுக்கு வயது இருபத்துநான்கு. செண்டாயானில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். மாதம் மூவாயிரம் வெள்ளி. சேர்ந்து பதினான்கு மாதம். இத்தனை பெருமைக்கும் நடுவே வங்கியில் இருந்தது அறுபத்துமூன்று வெள்ளி. ஆனால் ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமநிதியில், எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம் என்கிற மூன்றாம் கணக்கில், ஆயிரத்து இருபத்தொன்று கிடந்தது. அதை அவன் இதுவரை தொட்டதில்லை. சிக்கனமெல்லாம் இல்லை, கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. நேற்று ராத்திரிதான் ஞாபகம் வந்தது.

எதற்கும் முதலில் தங்கையைக் கேட்போம் என்று, கண்ணாடியை ரப்பர் வாரால் கட்டிய பழைய மோட்டாரை உதைத்துக்கொண்டு எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்துக்குப் போனான்.

தங்கை நட்டாலி அவனைவிட இரண்டு வயது இளையவள். பதினெட்டு வயதிலேயே தோட்ட ஆபீசில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்தவள். அவன் டிப்ளோமா படித்த காலமெல்லாம் அவளைச் 'சின்னக் கிராணி' என்று கேலி செய்ததில் நன்றாகவே கழிந்தது. ஏழாம் பிளாக்கில் வேலைக்கு வந்த பெண்களின் பெயரை அவள் எழுதிக்கொண்டிருந்தாள். அவர்களில் ஒருத்தி அவர்களுடைய அம்மா மார்த்தா.

"ஆயிரம் வெள்ளி குடு நட்டாலி. அடுத்த மாசம் தந்துர்றேன்."

"அடுத்த மாசம்னு ஒன்னு உன் காலண்டர்ல இருக்கா லா?"

"குடுக்கலன்னா ஈபிஎஃப்ல எடுத்துருவேன்."

அவள் பேனாவை மூடினாள். "சரி, ரெண்டு பேரும் ஃபோனத் தொறப்போம். உன் ஈபிஎஃப் பெருசா இருந்தா ஆயிரம் வெள்ளிய நான் சும்மாவே தர்றேன். என்னோடது பெருசா இருந்தா நீ அதத் தொடக்கூடாது. அதோட சம்பளத்துல மாசம் எரநூறு கூடப் புடிக்கச் சொல்லி உங்க ஆபீஸ்ல எழுதிக் குடுக்கணும்."

கிளென்னுக்குச் சிரிப்பு வந்தது. அவள் சம்பளம் ஆயிரத்து எழுநூறு. பாவம், பிள்ளை கணக்கில் எப்போதுமே வீக் என்று இரக்கம்கூட வந்தது.

"பேச்சு மாறக்கூடாது. அம்மா சாட்சி" என்றான்.

"என்னைய இழுக்காதீங்க. முள்ளு குத்தப்போவுது, தள்ளி நில்லுங்க" என்றாள் மார்த்தா.

அவனுடையது பத்தாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு. அவளுடையது இருபத்திரண்டாயிரத்து நானூற்றுப் பதினாறு.

கிளென் அவள் ஃபோனை வாங்கி, மேலே இருக்கும் பெயர் அவளுடையதுதானா என்று பார்த்தான். நட்டாலி மைக்கல்ராஜ். அவளேதான்.

"என்னா செஞ்ச நீ?"

"ஒன்னும் செய்யல. நாலு வருசமாச்சு. மொத சம்பளத்துலேர்ந்து அம்பது வெள்ளி கூடப் போடுறேன், அவ்ளோதான். நாளைக்கே நான் நிறுத்திட்டா, இது அப்படியே கெடந்து அறுபது வயசுல எவ்ளோ ஆவும்? நீதான டிப்ளோமா, சொல்லு."

ஆண்டுக்கு ஐந்தரை சதவீதம் கூட்டுவட்டி என்று வைத்து, முப்பத்தெட்டு ஆண்டுக்கு ஃபோனில் தட்டினான். ஒரு லட்சத்து எழுபத்தோராயிரம். மறுபடி தட்டினான். அதே தொகை. அந்தச் சூத்திரத்தில்தான் அவன் பரீட்சையில் 'ஏ' வாங்கினான். அதற்குள்ளே இப்படியொரு பூதம் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது என்று எந்த விரிவுரையாளரும் சொன்னதில்லை.

பூங்கொத்து ஒன்று அவன் காலடியில் வந்து விழுந்தது. அம்மா கம்பியால் ஒடித்துப் போட்டது. இளஞ்செம்பனையின் முதல் பூக்களைக் காய்க்க விடமாட்டார்கள். ஒடித்து எறிந்தால்தான் சத்து வேருக்கும் அடிமரத்துக்கும் போகும். தோட்டத்தில் பிறந்தவனுக்கு இது தெரியாததல்ல. கால்வாய்க்கு அந்தப் பக்கம் ஐந்தாம் பிளாக். இதோடு ஒரே வாரத்தில் நட்டதுதான். ஆள் கிடைக்காமல் அங்கே பூ ஒடிக்காமல் விட்டுவிட்டார்கள். அந்த மரங்கள் அவசரமாகக் கைப்பிடி அளவுக்குக் காய்த்துத் தள்ளின. இங்கே அடிமரம் அண்டா மாதிரி இருந்தது. அங்கே வாளி மாதிரி.

தினமும் இதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறான். இன்றைக்குத்தான் வாயைப் பிளந்து நின்றான்.

பன்னிரண்டே முக்காலுக்கு ஃபோன் அடித்தது. மோட்டார் கடை.

"தம்பி, வரீங்களா இல்லியா? இன்னொருத்தர் காசோட நிக்கிறாரு."

ஆயிரத்து இருபத்தொன்று விரல் நுனியில் இருந்தது. பந்தயம் பெரிய விஷயமில்லை. நட்டாலியிடம் அவன் தோற்றுப் பேச்சு மாறியது நூறு தடவை இருக்கும். அவளுக்கும் அது தெரியும். அதனால்தான் அவன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிளென் ஐந்தாம் பிளாக்கைப் பார்த்தான்.

"அவருக்கே குடுத்துருங்கண்ணே" என்றான். அது அவ்வளவு அழகான மோட்டார்.

பிறகு தங்கையிடம் கை நீட்டினான். "பேனாவக் குடு. எரநூறுன்னு கையில எழுதிக்கிறேன். திங்கக்கெழமைக்குள்ள மறந்துருவேன்."

"குளிச்சா அழிஞ்சிரும் லா."

"குளிக்கல."

பழைய மோட்டாரை உதைத்தான். கிளம்பவில்லை. "ம்மா, அறுபது வயசுல எனக்கு எத்தன மோட்டார் வாங்கலாம் தெரியுமா?"

முள்ளுக்குள்ளிருந்து மார்த்தா கேட்டாள்: "ஏறி உக்கார இடுப்பு இருக்குமாடா?"

"அதுக்கும் சேத்துத்தான்மா எரநூறு."

நாலாவது உதையில் வண்டி கிளம்பியது. ஏழாம் பிளாக்கின் ஒவ்வொரு மரத்தையும் பார்த்துக்கொண்டே, வழக்கத்தைவிட மெதுவாகப் போனான். அதற்குமேல் வேகமாகப் போக அந்த வண்டியால் முடியாது என்பது வேறு விஷயம்.