குமிழி வராத பஞ்சர்

குடலில் இருந்த புற்றுக்கட்டியை வெட்டியெடுத்து, மிச்சக் குடலை ஒட்டித் தைத்து நாலு நாள் ஆகியிருந்தது. தம்பி கட்டிலில் சாய்ந்துகொண்டு நர்ஸைக் கிண்டலடித்துக்கொண்டிருந்தான். காய்ச்சல் இல்லை, பெரிய வலியும் இல்லை. டயர்க்கடை வைத்திருக்கும் அண்ணனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆபரேஷன் செய்த டாக்டர் அண்ணனை வெளியே கூப்பிட்டார்.

"ரத்தத்துல சி.ஆர்.பி.ன்னு ஒண்ணு பாப்போம். உள்ள புண் கொதிச்சா அது ஏறும். இந்நேரம் இறங்கியிருக்கணும், ஆனா நேத்தைவிட ரெண்டு மடங்கு ஏறியிருக்கு. தையல் கசியுதுன்னு நினைக்கறேன். ஸ்கேன் பாத்துட்டு இன்னைக்கே திரும்பத் திறக்கணும்."

"அவன் சிரிச்சிட்டிருக்கான் சார்!"

"இப்ப சிரிப்பார். விட்டா சீழ் வயிறு முழுக்கப் பரவிடும்."

"கசிஞ்சா குமிழி வரணும்ல? டியூபைத் தண்ணியில முக்கினா கண்ணால பாக்கலாம். நீங்க காகிதத்தைப் பாத்துப் பஞ்சர் ஒட்டுவீங்களா?"

"இது டயர் இல்லப்பா" என்றார் டாக்டர்.

தொழிலைச் சொன்னதில் அவனுக்குச் சுருக்கென்றது. அதைவிட, அப்பாவின் நினைப்பு வந்தது. அவரையும் இரண்டாம் முறை திறக்கிறோம் என்றுதான் உள்ளே கொண்டுபோனார்கள். துணியில் சுற்றித்தான் திருப்பிக் கொடுத்தார்கள். கண்மண் தெரியாத கோபம். சட்டையைப் பிடித்து டாக்டரைச் சுவரில் மோதினான். மூக்கில் ஓங்கிக் குத்தினான். ரத்தம் கோட்டெல்லாம் வழிந்தது. கீழே சரிந்தவரை விலாவில் உதைத்தான். அவர் எழுந்து வார்டுக்குள் ஓடப் பார்த்து, கதவு நிலையைப் பற்றினார். இவன் அந்த இரும்புக் கதவை ஓங்கி உதைத்துச் சாத்தினான்.

விரல்கள் நொறுங்கிய சத்தம் கேட்டது. டாக்டர் அலறினார்.

காவலாளிகள் மூன்று பேர் பாய்ந்து, அவனைத் தடியால் துவைத்தெடுத்தார்கள். உதடு கிழிந்தது, ஒரு பல் தெறித்தது. டாக்டரோ நைந்த வலது கையை மார்போடு அணைத்துக்கொண்டு, "முதல்ல அந்தப் பேஷண்டை ஸ்கேனுக்குக் கொண்டுபோங்க" என்று கத்தினார்.

ஸ்கேனில் கசிவு தெரிந்தது. அதற்குள் தம்பிக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டு, கட்டிலே ஆடியது. அந்த ஆஸ்பத்திரியில் குடலைத் திறக்கத் தெரிந்தவர் ஒருவர்தான். பக்கத்து ஊரிலிருந்து இன்னொருவர் கிளம்பியிருப்பதாகச் சொன்னார்கள், வழியில் இருக்கிறாராம்.

தள்ளுகட்டிலில் கிடந்த தம்பி அண்ணனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டான். ஒரு நிமிஷம் மட்டும் என்று காவலாளிகள் விட்டார்கள். நடந்தது எதையும் யாரும் தம்பியிடம் சொல்லியிருக்கவில்லை; காய்ச்சல் மயக்கத்தில் அண்ணனின் கிழிந்த உதடும் அவன் கண்ணில் படவில்லை. பற்கள் கிடுகிடுக்க அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டான்.

"பயமா இருக்குண்ணா. வேற யாரோ வராங்களாம். வேண்டாம்ணா. நம்ம டாக்டரையே செய்யச் சொல்லு. அவரு கைராசிக்காரரு."

"சொல்றேன்டா" என்றான் அண்ணன். வேறு என்ன சொல்லுவான், பாவி.