இருபது வரை

நனைத்த பஞ்சை அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள் மகள். மூன்று நாளாக அவரிடமிருந்து ஒரு வார்த்தை இல்லை. இன்று மாலையைத் தாண்டாது என்று டாக்டர் காலையிலேயே கையை விரித்துவிட்டார்.

"ஜன்னலத் திறக்கட்டுமா?" என்று அம்மா அவரிடம் கேட்டாள். கேட்டுவிட்டு, உதடு அசைய மனசுக்குள் எண்ணத் தொடங்கினாள். பதினாறில் அப்பாவின் சுட்டுவிரல் ஒருமுறை அசைந்தது. அசைந்தால் சரி என்று அர்த்தம். அம்மா எழுந்து போய்த் திறந்தாள்.

எண்ணச் சொல்லிக்கொடுத்தவள் மகள்தான். நடுக்கமும் விறைப்பும் முற்றி அவர் பதில் சொல்லத் தாமதமானபோது, அம்மா ஒரே கேள்வியை மூன்று தரம் கேட்டு அவரை ஒரு வழி பண்ணிவிடுவாள். "கேட்டுட்டு இருபது வரைக்கும் எண்ணும்மா. அவர் சொல்லத்தான் போறார், நாமதான் முந்திக்கிறோம்" என்று மகள் சொன்னாள். அதையும் ஃபோனில்தான் சொன்னாள்.

அவள் வேலை தொலைதூர ஊரின் ஆய்வுக்கூடத்தில், நரம்புச் செல்களோடு. செல்லின் உடல் ஓரிடத்தில் இருக்கும். முனைகளோ ஆயிரக்கணக்கில், தொலைதூரத்தில். சேதி சொல்லும் ரசாயனத்தை நுண்பைகளில் சேர்த்துவைக்கவும், நேரம் வந்ததும் வெளியே விடவும் வேண்டிய புரதங்கள் அந்த உடலில் தயாராகி, நெடுந்தூரம் போய், முனைக்கு முனை பங்காகின்றன. எந்த முனைக்கு எவ்வளவு என்பது எப்படி முடிவாகிறது என்று நான்கு வருடமாக நுண்ணோக்கியில் கண்ணை வைத்திருந்தாள்.

அப்பா முப்பது வருடம் பார்சல் ஆபீஸில் ஊர்வாரியாக மூட்டை பிரித்தவர். "நாலு வருஷமாவா? எங்ககிட்ட விட்டா மத்தியானத்துக்குள்ள பிரிச்சு அனுப்பிடுவோம்" என்று ஒருமுறை சிரித்தார்.

நோய் இன்னதென்று தெரிந்த வாரம், "ஒரு எட்டு வந்துட்டுப் போம்மா" என்றார். "நான் வந்து என்னப்பா பண்ணப்போறேன்? விட்டுட்டு வந்தா இங்க செல்லெல்லாம் செத்துடும்" என்றாள் இவள். அப்படிச் சொன்ன வாயை அவளால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. அதன்பிறகு அவர் கூப்பிடவேயில்லை.

அம்மா டம்ளரைக் கழுவ உள்ளே போனதும், அவர் கையைத் தன் இரு கைகளுக்குள் எடுத்துக்கொண்டாள்.

"என் மேல இருந்த கோவம் போயிடுச்சாப்பா?"

எண்ணினாள். ஏழில் ஒரு மூச்சு நீளமாக வெளியேறியது. அடுத்த மூச்சு வரவில்லை. கழுத்தில் விரல் வைத்துப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அவர் கையை மறுபடி பிடித்துக்கொண்டாள்.

அம்மா திரும்பி வந்தாள். மகளின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி, ஏதாவது கேட்டியா?"

"கோவம் போயிடுச்சான்னு கேட்டேன்மா."

அம்மா கட்டில் ஓரமாக உட்கார்ந்தாள். "அவசரப்படாத. அவர் சொல்லத்தான் போறார்."

அவள் உதடுகள் அசையத் தொடங்கின. மகளும் கூடவே எண்ணினாள். இருபது தாண்டியது. அம்மா நிறுத்தவில்லை.