பந்தலைத் தாண்டாத பாட்டு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. வெயிலில் நிற்காதீர்கள். சத்தம் போடாமலே ஒரு சண்டையை வரவழைத்த மைக் செட்டின் கதை இருக்கிறது, சொல்கிறேன்.

சவ்வாது மலையில் ரேணுகாதேவி வீட்டில் அன்றைக்குக் காதுகுத்து. மகள் அபிநயாவைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்தால்தான் பத்தர் ஊசியை எடுப்பார். அந்தத் தாய்மாமன், ரேணுகாவின் அண்ணன் கோபால்சாமி, ஓடைக்கு அந்தப் பக்கச் சரிவில் இருக்கிறார். போன வருசம் அவருடைய ஆடுகள் இவளுடைய சாமைக் கொல்லையில் இறங்கின. இவள் நாலு வார்த்தை பேசிவிட்டாள். அதோடு போக்குவரத்து நின்றது.

அவர்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். விசேஷ நாள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனாலும் அன்று காலையில் ஒலிபெருக்கிக் குழாயில் போடும் முதல் பாட்டு சரிவு தாண்டி வந்து காதில் விழுந்தால்தான் அழைப்பு. ஆள் விட்டுக் கூப்பிடக் கூடாது; ஆள் வருவது சாவுச் சேதிக்குத்தான்.

கண்ணமங்கலத்து மைக் செட்டுக்காரன் குணசீலன் வேனிலிருந்து இரண்டு பெட்டிகளை இறக்கினான். ரேணுகா வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“குழா எங்கப்பா?”

“கூம்புக் குழா கட்டக் கூடாதாம்க்கா. ஸ்டேசன்ல சொல்லிட்டாங்க. பொட்டிதான். அதுவும் சத்தம் பந்தலத் தாண்டக் கூடாது. சுத்தி வூடுங்க இருக்குதில்ல?”

ரேணுகா சுற்றிப் பார்த்தாள். புளியமரம் இருந்தது. அப்பால் சாமைக் கொல்லை. அப்பால் ஓடை.

“எந்த வூடு?”

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுக்கா. தாண்டினா செட்ட எடுத்துக்கினு பூடுவாங்க.”

“தாண்டாத சத்தத்துக்கு இன்னாத்துக்குப்பா மைக் செட்டு? நானே பாடிக்க மாட்டனா?”

பாட்டு ஓடியது. பந்தலுக்குள் இருந்தவர்களுக்கு நன்றாகவே கேட்டது. அவர்கள்தான் ஏற்கெனவே வந்துவிட்டார்களே! அண்ணன் வராதது பாட்டு கேட்காததாலா, கேட்டும் கோபத்தாலா? ஓடைக்கரையில் நின்று கத்திக் கூப்பிடலாமா? அது அழைப்பா, அதட்டலா? ரேணுகாவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

“நல்ல நேரம் போவுதும்மா,” என்றார் பத்தர். “வேற மடி பாருங்க.”

அப்போதுதான் ஓடைப் பக்கம் மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி ஒன்று விறுவிறுவென்று ஏறி வந்தது. கையில் சீர்ப் பை.

“யார்ரா இங்க மைக் செட்டு?” என்றார் கோபால்சாமி.

குணசீலன் பாய்ந்து சத்தம் குறைக்கும் குமிழைப் பிடித்தான். “கொறச்சிட்டேங்க! இதோ, கொறச்சிட்டேன்!”

“இன்னாத்துக்குடா கொறைக்கிற? விடிஞ்சதுலேர்ந்து வேட்டி கட்டிக்கினு வாசல்ல உக்காந்துனு இருக்கேன். ஒரு பாட்டு வர்ல! எங்க போயி மனு குடுக்கணும், சொல்லு!”

“சத்தம் வந்துச்சின்னா ஸ்டேசன்ல குடுக்கலாங்க. வர்லன்னா எங்க குடுக்கறதுன்னு தெரிலீங்களே.”

ரேணுகா முன்னால் வந்தாள். “கோவம் தீந்துதாண்ணா?”

“யாரு சொன்னது? நீ இன்னும் என்னைக் கூப்புடவே இல்ல. நான் சண்டைக்கு வந்துக்கிறேன்.” சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றிவிட்டு மணையில் உட்கார்ந்தார். “புள்ளயக் குடும்மே, நேரம் போவுது.”

ஊசி பட்டதும் அபிநயா வீறிட்டாள். அந்த அழுகை பந்தலைத் தாண்டி, ஓடையைத் தாண்டி, எதிர்ச் சரிவு வரைக்கும் போனது.

“இது நம்ம செட்டு இல்லீங்க,” என்றான் குணசீலன், யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமலே.

அண்ணன் அழைத்ததால் வந்தாரா, அழையாமல் வந்தாரா? ரேணுகாவுக்கு இன்றைக்கும் குழப்பம்தான். சாமைச் சோற்றை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார், அது மட்டும் தெரியும்.

உங்கள் வீட்டுக்கும், கண்ணுகளா, சொந்தம் சண்டைக்காவது வந்து சேரட்டும். வந்தவர்கள் வயிறு நிறைந்து போகட்டும். உங்கள் பிள்ளைகளின் குரல் ஓடை தாண்டிக் கேட்கட்டும்.