மாமன் மடி

என் மகள் அக்ஷராவின் காதுகுத்துக்குத் தேதி குறித்துவிட்டதாக என் மாமியார் நாகவல்லி சொன்னபோது, நான் வேலைக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். புதன்கிழமை காலை ஒன்பதேகாலிலிருந்து பத்தேகாலுக்குள், கோவிலூர்ப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குலசாமி கோயிலில்.

அதே புதன்கிழமை ஒன்பதரைக்கு எனக்குச் சிவகங்கையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஆறு வருஷமாக நான் ஒப்பந்த நர்ஸ். இதற்குப் போனால்தான் நிரந்தர வேலை. போகாவிட்டால் பட்டியலில் அடுத்து இருப்பவளுக்குப் போய்விடும். அதற்கு வரச்சொல்லி வந்த கடிதம் பத்து நாளாக ஃப்ரிட்ஜ் மேல்தான் கிடந்தது. அதைப் படித்துவிட்டுத்தான் இந்த அம்மாள் ஜோசியரிடம் போயிருக்கிறார். எனக்கு அதில் சந்தேகமே இல்லை.

"வேற நாள் பாத்திருக்கலாம்ல அத்தை?"

"அக்ஷராவுக்கு அஞ்சு முடியப் போகுது. ரெட்டைப்படை வயசுல குத்தலாமா? நீ வராட்டி என்ன இப்ப? புள்ள ஒக்காரப் போறது மாமன் மடியில. உன் மடியிலயா?"

என் கணவர் பாண்டீஸ்வரன் செல்போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பத்திரிகை அடிச்சாச்சு ரோகிணி. அம்மாகிட்ட மல்லுக்கட்டாத," என்றார்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் மாமியார் சொன்னது மண்டையில் ஏறியது. மாமன் மடி. அந்த மாமன் யாருடைய அண்ணன்?

என் அண்ணன் காசிவிஸ்வநாதன் கண்டனூரில் டிராக்டர் வாடகைக்கு விடுகிறான். போனில் விஷயத்தைக் கேட்டதும் இழுத்தான். "சம்பந்தி வீட்டுப் பகை நமக்கு வேணுமாத்தா? வெத்தலை பாக்கு வச்சு முறையாத்தான கூப்புட்டாக."

"என்னையக் கேட்டா கூப்புட்டாக? நான் இல்லாம என் புள்ளைக்குக் காது குத்த நீ மடி குடுத்தா, அத்தோட நமக்குள்ள ஒண்ணுமில்ல."

புதன்கிழமை ஆறரை மணி பஸ்ஸில் சிவகங்கைக்குப் போனேன். பக்கத்து சீட்டில் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு அண்ணன். அவன் மடியில் தோடும் பட்டுப்பாவாடையும் வைத்த சீர்த்தட்டு. வழியெல்லாம் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது பாவம்.

ஒன்பதே முக்காலுக்கு, நான் வரிசையில் நிற்கும்போது, கணவர் கூப்பிட்டார். "உங்கண்ணன் எங்க? நேரம் போகுது, சனமெல்லாம் கேக்குது!"

"எனக்குப் பக்கத்துலதான் நிக்கிறாரு."

மாமியார் போனைப் பிடுங்கினார். "குடும்ப மானத்தை வாங்கிட்டியேடி சண்டாளி!"

"நீங்கதான அத்தை தேதி குறிச்சீக? சாயந்தரம் நாலேமுக்காலுக்கும் நல்ல நேரம்னு காலண்டர்ல போட்டுருக்கு. மாமன் மடி அப்ப வரும். கறிச்சோத்த மூடி வைங்க."

சொல்லி முடித்ததும் நெஞ்சு குளிர்ந்தது. இதில் மறைக்க என்ன இருக்கிறது? ஆறு வருஷமாக வாங்கிய பேச்சுக்கு ஒரு நாள் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். அண்ணன் மட்டும் தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தான்.

அப்போது போனில் அக்ஷராவின் குரல் வந்தது.

"அம்மா, உனக்கு என்னைய விட வேலைதான் பெருசாம். அப்பத்தா எல்லார்கிட்டயும் சொல்லுது. நெசமாம்மா?"

மாமியாருக்கென்று நாக்கு நுனியில் நூறு பதில் வைத்திருந்தேன். ஒன்றுகூட இவளுக்கு ஆகாது. உள்ளேயிருந்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் கூப்பிட்டார்கள்.

"நெசமில்லடா. சாயந்தரம் வந்துருவேன்."

"அப்ப இப்பவே வா."

போனை அண்ணன் கையில் திணித்தேன். ஐந்து வயசுப் பிள்ளை வாயில் அந்தக் கேள்வியை வைத்தவரை இந்த ஜென்மத்தில் மன்னிக்கப்போவதில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.