எது முந்துகிறதோ

காலை எட்டேகாலுக்கு ஆய்வகத்திலிருந்து போன் வந்தது. கண்காணிப்பு ஆணையத்தின் அதிகாரி அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"மேடம், கோடு வந்துடுச்சு. இன்னைக்குப் பதிமூணாவது நாள்தான்," என்றாள் விஞ்ஞானி.

குழந்தைப்பேறு சிகிச்சையில் மிஞ்சி, பெற்றோர் ஆராய்ச்சிக்குக் கொடுத்த கரு அது. உடலுக்கு வெளியே அதைப் பதினான்கு நாள் வரை வளர்க்கலாம். அதற்குள், உடல் உருவெடுக்கத் தொடங்குவதைக் காட்டும் முதற்கோடு தோன்றினால் அன்றே நிறுத்திவிட வேண்டும். எது முந்துகிறதோ அது. சட்டத்தில் இந்தக் கடைசி வரியைச் சேர்க்க மூன்று கூட்டங்களில் மல்லுக்கு நின்றவள் அதிகாரிதான். ஆய்வகங்களில் அவளுக்குக் 'கத்தரிக்கோல்' என்று பெயர். அது அவள் காதுக்கும் எட்டியிருந்தது.

ஆனால் கோட்டை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அவள் மேற்பார்வையில் எந்தக் கருவும் அத்தனை நாள் தாக்குப்பிடித்ததில்லை.

ஆய்வகத்துக்கு வந்து, செருப்பை மாற்றி, தலைக்கு உறை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"இன்னும் ஒரு நாள் விட்டா உங்களுக்கு உதவியா இருக்குமே?" என்று கேட்டாள்.

"ரொம்பவே. ரெண்டாவது வாரத்துல கரு ஏன் கலையுதுன்னு நாலு வருஷமா தேடுறேன். எங்க அண்ணிக்கே மூணு தடவை கலைஞ்சிருக்கு."

"சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே மேடம்." விஞ்ஞானி நாற்காலியை இழுத்துப் போட்டாள். "முதல்ல பாருங்க."

நுண்ணோக்கியில் முதலில் இருட்டுதான் தெரிந்தது. பிறகு பால் வெளுப்பில் ஒரு வட்டம். நிஜத்தில் மணல்துகள் அளவுதான் இருக்கும். அதன் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, மூச்சுப் பட்டு மங்கிய கண்ணாடியில் நகத்தால் இழுத்ததுபோல ஒரு மெல்லிய நிழல்.

"நேத்து வரைக்கும் தலைப்பக்கம் எது, கால்பக்கம் எதுன்னு பார்த்துச் சொல்ல முடியாது. இப்ப சொல்லலாம். யாரும் சொல்லிக்கொடுக்கல, தானா முடிவு பண்ணிக்குச்சு," என்றாள் விஞ்ஞானி. "இது ரெண்டா பிரிஞ்சு ரெட்டையா ஆகியிருக்கலாம். இனிமே ஒண்ணுதான்."

அதிகாரிக்கு மயிர்க்கூச்செறிந்தது. கூட்டங்களில் எத்தனையோ முறை உச்சரித்த சொல் இப்போது கண்ணெதிரே, ஒரு சத்தமுமின்றி, வளர்ந்துகொண்டிருந்தது. மற்ற நாட்களில் ஐந்து நிமிடத்தில் வேலையை முடிப்பவள் அரை மணி நேரம் கண்ணை எடுக்கவில்லை. விஞ்ஞானியும் அவசரப்படுத்தவில்லை.

ஒன்பதே முக்காலுக்கு, நிறுத்தும் உத்தரவில் அதிகாரி கையெழுத்துப் போட்டாள். கருவின் வளர்ச்சியை நிறுத்தி அதை அப்படியே பதப்படுத்தும் திரவத்தை விஞ்ஞானி சொட்டுச் சொட்டாக விட்டாள். இருவரும் எழுந்து நின்றார்கள். ஏன் நின்றோம் என்று இருவருக்கும் சொல்லத் தெரியாது.

கோடு தொடங்கிய நேரத்தின் படங்கள் பத்திரமாக இருந்தன. பிறகு வந்த விஞ்ஞானியின் கட்டுரை அவற்றைக் கொண்டே எழுதப்பட்டது.

வெளியே நடைவழியில் அதிகாரி, தன்னைவிட ஆறு நிமிடம் முன்னால் பிறந்த இரட்டைச் சகோதரிக்குப் போன் போட்டாள். அச்சில் வார்த்ததுபோல இருவருக்கும் ஒரே முகம்.

"என்னடி, ஆபீஸ் நேரத்துல?"

"அக்கா, கொஞ்ச நாள் நாம ரெண்டு பேரும் ஒருத்தியா இருந்திருக்கோம்."

"அதான் உனக்குப் பாதி மூளை வந்திருக்கு." தங்கை சிரிக்கவில்லை என்றதும் அக்காவின் குரல் தணிந்தது. "என்னடி ஆச்சு?"

"ஒண்ணுமில்லக்கா. ஒண்ணா ரெண்டான்னு முடிவாகுற அந்த இடத்தை இன்னைக்குப் பார்த்தேன்."

அக்கா போனை வைக்கவில்லை.