வேலிகள் பிரிவில் ஓர் ஆள்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் ஒரு புத்தகத்தை எடுத்தால், அது இருந்த இடத்தில் ஓர் ஆளை உட்காரவைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். முன்பெல்லாம் ஆளுக்குப் பதில் மரக்கட்டை வைத்தார்கள். கட்டைகளைக் கரையான் தின்றுவிட்டது. ஆளைக் கரையான் தின்னாது என்று ஆட்சிக்குழுவில் முடிவானது.

இதில் யாருக்கும் பெரிய சிரமமில்லை. மாணவர்கள் அறைத்தோழனைக் கூட்டிவருவார்கள். கல்யாணமானவர்கள் மச்சினனைக் கூட்டிவருவார்கள். மச்சினன் ஒல்லியாக இருந்தால் கவிதைப் புத்தகமும் எடுக்கலாம்.

மின்னூலுக்கு ஆள் வேண்டாம், துண்டு போட்டால் போதும். பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிக்கிறோமே, அதே முறைதான். கணினி அறையின் சன்னலுக்கு வெளியே நின்று, வேண்டிய நூலின் திரைமேல் விழும்படி வீச வேண்டும். ஒரு மின்னூலை ஒரு நேரத்தில் ஒருவர்தான் படிக்க முடியும். போட்டவர் துண்டை எடுக்கிற வரைக்கும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும்.

அன்று எனக்கு ஒரே ஒரு பக்கம் தேவைப்பட்டது.

என் ஆய்வு கிளுவை மரக் கிளைகளை நட்டு வளர்க்கும் வேலிகளைப் பற்றியது. மூன்றாம் இயலில் ஓர் அடிக்குறிப்பு இருக்கிறது. ஒரு தோட்டத்து வேலி தானாகவே நகர்ந்து பக்கத்துத் தோட்டத்துக்குள் போய்விட்டதாகவும், வழக்கு நடந்தபோது வேலி சாட்சி சொல்ல வர மறுத்ததாகவும் ‘வேலிகளும் சந்துகளும்’ என்ற நூலின் 212ஆம் பக்கம் சொல்கிறது. நான் அதை வேறொருவர் கட்டுரையில் பார்த்து எழுதியிருந்தேன். மூல நூலைத் தன் கண்ணால் பார்க்காமல் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றுவிட்டார் என் நெறியாளர் சென்னியப்பன் சார்.

ஏழு வருடமாக வியாழக்கிழமைதோறும் அவர் அறைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

“பக்கம் கெடச்சுதா?” என்பார்.

“இல்லீங்க சார்.”

“சரி. அடுத்த வாரம் வாம்மா, பார்க்கலாம்.”

பிறகு ஒரு தேங்காய் பன்னைப் பாதி பிய்த்து என்னிடம் நீட்டுவார். இரண்டு பேரும் தின்போம். அவ்வளவுதான் எங்கள் ஆய்வுச் சந்திப்பு.

அன்று சாயங்காலம் சார் ஓய்வு பெறுகிறார். ஓய்வு பெற்ற கை போடும் கையெழுத்து காகிதத்தில் ஒட்டாது, வழிந்துவிடும். புது நெறியாளர் வந்தால் முதல் இயலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்.

முதலில் கணினி அறைக்குப் போனேன்.

“துண்டு இருக்குதுங்க,” என்றார் திலகமணி. அறைக்குப் பொறுப்பு அவர்தான். இதே வார்த்தையைத்தான் இத்தனை வருடமும் சன்னல் வழியாகச் சொல்லியிருந்தார்.

“இன்னைக்கு ஒரு நாள் உள்ள வந்து பாத்துக்கறேனுங்க மேடம். துண்டத் தொட மாட்டேன்.”

“செருப்பக் கழட்டிட்டு வாங்க.”

உள்ளே வரிசையாகக் கணினிகள் இருந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துணி கிடந்தது. பெரும்பாலும் துண்டுகள். ஒன்றின் மேல் வேட்டி. சட்டப் புத்தகம் ஒன்றின் மேல் ஒரு குழந்தையின் பாவாடை. என் நூலின் மேல் நீலக் கட்டம் போட்ட கைக்குட்டை கிடந்தது. குனிந்தேன். நீலகிரித் தைல வாசம் அடித்தது.

எனக்கு அந்தக் கைக்குட்டையைத் தெரியும். என் ஆய்வேட்டின் எல்லாப் பக்கங்களிலும் அந்த வாசம்தான் இருக்கிறது. அது சென்னியப்பன் சாருடையது.

“இத எப்பப் போட்டாருங்க?”

“நீங்க ஆராய்ச்சிக்குச் சேந்த அன்னைக்கு.”

“வந்து படிச்சாருங்களா?”

“ஒரு நாளும் படிக்கல. வியாழக்கெழம சாயங்காலம் வந்து ரெண்டு சொட்டுத் தைலம் விட்டுட்டுப் போவாரு. துணி காஞ்சா எடம் போயிருமுங்க.”

எனக்குக் கோபம் வந்தது. சாதாரணக் கோபமில்லை. வெளியே வந்தபோது என் செருப்புக்குப் பதில் யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டிருந்தேன். பிறகு திரும்பிப் போய் மாற்றிக்கொண்டேன்.

“அச்சுப் புத்தகம் இருக்குதுங்களே,” என்று திலகமணி பின்னாலிருந்து சொன்னார். “வேலிகள் பிரிவ இன்னைக்குத்தான் தொறந்திருக்காங்க. சர்வேயர் வந்திருக்காரு.”

வேலிகள் பிரிவு பல வருடமாகப் பூட்டிக் கிடந்தது. அது மெல்ல நகர்ந்து பக்கத்திலிருந்த சாலைகள் பிரிவுக்குள் அரை அலமாரி தூரம் போய்விட்டதால் வந்த பிரச்சினை. சாலைகள் பிரிவு புகார் கொடுத்துத் தடை வாங்கியிருந்தது. நில அளவை முடிந்தால்தான் தீர்ப்பு.

மூன்றாம் மாடிக்கு ஏறினேன். நடைவழியின் அந்தக் கோடியில் சர்வேயர் சங்கிலியோடு நின்றார். நான் நடக்க நடக்க வழி நீண்டது. ஓடினேன். அதுவும் ஓடியது.

“மெதுவா வாங்க அம்மிணி. நீங்க வேகமா வந்தா அது பயந்துக்கும்.”

மெதுவாக நடந்தேன். உடனே அலமாரி வந்துவிட்டது.

புத்தகம் அங்கேயே இருந்தது. பச்சை அட்டை. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை.

“ஆள் எங்க?” என்றார் சர்வேயர்.

“நீங்க ஒரு நிமிசம் உக்கார முடியுங்களா?”

“நான் கவர்மெண்டு ஆளுங்க. எங்கூடச் சங்கிலியும் உக்காரணும். எடம் பத்தாது.”

என் அறைத்தோழி அமுதவல்லிக்குப் போன் செய்தேன். அவள் ஏற்கெனவே வேதியியல் பிரிவில் உட்கார்ந்திருந்தாள். “மெதுவாப் பேசுடி, பக்கத்துல அகராதி தூங்குது,” என்று சொல்லி வைத்துவிட்டாள். எனக்கு மச்சினன் கிடையாது. அலமாரியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே அரங்கத்தில் மைக் சோதித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது சார் வந்தார். கழுத்தில் சம்பங்கி மாலை. தோளில் பொன்னாடை. விழா இன்னும் தொடங்கவில்லை, மாலை மட்டும் முன்னதாக வந்துவிட்டதாம். நூலகத்தில் பாக்கி எதுவுமில்லை என்று முத்திரை வாங்காமல் இங்கே யாரும் ஓய்வு பெற முடியாது. திலகமணி அவரிடம், “ஒரு துணி இருக்குதுங்க சார்,” என்று சொல்லியிருக்கிறார். கைக்குட்டை அவர் கையில் இருந்தது. அவர் எடுத்த கையோடு வெளியிலிருந்து ஒரு சிவப்புத் துண்டு வந்து அந்தத் திரைமேல் விழுந்துவிட்டதாம்.

“சார், அந்தக் கைக்குட்டை,” என்றேன்.

“ஜலதோசம்மா.”

“ஏழு வருசமாங்க சார்?”

சார் மாலையிலிருந்து ஒரு பூவைக் கிள்ளினார்.

“நீ முடிச்சுட்டுப் போயிட்டா வியாழக்கெழம யாரு வருவா?”

சர்வேயர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரை அளக்க ஆரம்பித்தார்.

“சொல்லியிருந்தா நான் சும்மாவே வந்திருப்பனே சார்.”

“சும்மா வர்றேன்னு சொல்றவங்க யாரும் வர்றதில்லம்மா. பக்கம் வேணும்னாத்தான் வர்றாங்க.”

அது உண்மைதான். எனக்குப் பாடம் எடுத்த வேறு எந்த ஆசிரியரையும் நான் சும்மா போய்ப் பார்த்ததில்லை. உண்மை என்பதால் இன்னும் கோபம் வந்தது. கூடவே அழுகையும் வந்தது.

கீழே மைக்கில் அவர் பெயரைச் சொன்னார்கள். பேராசிரியர் எங்கிருந்தாலும் உடனே மேடைக்கு வரவும் என்றார்கள்.

சார் செருப்பைக் கழற்றி ஓரமாக ஜோடி சேர்த்து வைத்தார். அலமாரியின் கீழ்த்தட்டில் கால் வைத்து ஏறினார். புத்தகத்தை ஒட்டி ஒருக்களித்து உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர், சரியாகப் பொருந்திவிட்டார். புத்தகம் தானாக என் கையில் வந்து விழுந்தது.

212ஆம் பக்கத்தை விரித்து அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

“நகந்துதான் இருக்கு,” என்றார்.

பேனா கேட்டார். கொடுத்தேன். பையிலிருந்த ஆய்வேட்டை நீட்டினேன். கையெழுத்துப் போட்டார். மை வழியவில்லை. ஊதிப் பார்த்தேன், ஒட்டியிருந்தது. ஏழு வருடம் அந்த ஒரு கிறுக்கலில் முடிந்தது.

“எறங்குங்க சார். புத்தகத்த வெச்சுடறேன். கீழ காத்திருக்காங்க.”

சார் பொன்னாடையை விரித்து முழங்கால்மேல் போர்த்திக்கொண்டார்.

“கொண்டு போம்மா. பைண்டிங்குக்கு முன்னாடி மத்த பக்கத்தையும் ஒருவாட்டி சரிபாரு.”

“எப்பங்க சார் திருப்பித் தரட்டும்?”

“அடுத்த வாரம் பார்க்கலாம்.”

விழா நன்றாக நடந்தது. அவர் நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். நாற்காலியின் பொறுமையைப் பற்றித் துறைத்தலைவர் உருக்கமாகப் பேசினார். அலமாரியில் இருப்பவர் நூலகச் சொத்து என்றும், நூலகச் சொத்துக்கு ஓய்வு வயது கிடையாது என்றும் மறுநாள் பதிவாளர் சொல்லிவிட்டார்.

எனக்குப் பட்டம் கிடைத்தது. அதே துறையில் வேலையும் கிடைத்தது. வியாழக்கிழமைதோறும் நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தை என் பெயரில் புதுப்பித்துக்கொள்கிறேன். பிறகு தேங்காய் பன் வாங்கிக்கொண்டு மூன்றாம் மாடிக்கு ஏறுகிறேன்.

“புதுப்பிச்சியா?” என்று சார் கேட்பார். குரலில் ஒரு பயம் இருக்கும்.

“ஆச்சுங்க சார்.”

அவர் முகம் மலர்ந்துவிடும். வேலிகள் பிரிவு சாலைகளைத் தாண்டி இப்போது ஆறுகள் பிரிவுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. காற்று நன்றாக வருகிறது என்கிறார் சார். அவர் தோளில் வரிசை எண் ஒட்டியிருக்கிறார்கள். எனக்கும் அங்கே போய்வருவது பிடித்திருக்கிறது. சும்மா போகிறேன் என்றே நினைத்துக்கொள்கிறேன்.

போன வியாழக்கிழமை அலமாரிக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். பெயர் தாரணி. புதிதாக ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள்.

“மேடம், ‘வேலிகளும் சந்துகளும்’ உங்ககிட்டத்தான் இருக்குதுன்னாங்க. எனக்கு ஒரே ஒரு பக்கம் போதுங்க. என்னோட பேருல எடுத்துக் காட்டுனாத்தான் எங்க கைடு கையெழுத்துப் போடுவாராமுங்க.”

“ஆள் கூட்டிட்டு வந்திருக்கியா?”

“எங்க மாமா பையன் கீழ நிக்கறானுங்க.”

புத்தகம் என் பையில்தான் இருந்தது. நான் திருப்பித் தந்தால்தான் அவள் எடுக்க முடியும். திருப்பித் தந்தால் சார் இறங்கியாக வேண்டும். இறங்கினால் அன்றைக்கே ஓய்வு.

“மின்னூல் பாத்தியா?”

“செவப்புத் துண்டு கெடக்குதுங்க மேடம்.”

“உள்ள போயி மோந்து பாத்தியா?”

“ஏனுங்க மேடம்?”

“சும்மா கேட்டேன்.”

அவள் கையில் பேனாவைத் திறந்து வைத்தபடி நின்றாள். நானும் அப்படித்தான் நின்றிருக்கிறேன். பாவமாக இருந்தது. அலமாரிக்குள் தைல வாசம் அப்படியே நின்றது. சார் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“அடுத்த வாரம் வாம்மா, பார்க்கலாம்,” என்றேன்.

“சரிங்க மேடம்,” என்று அவள் திரும்பினாள்.

அவளைக் கூப்பிட்டு, தேங்காய் பன்னைப் பாதி பிய்த்துக் கொடுத்தேன்.